அரைப்புள்ளி

பட்டியல் வெளிவந்தது வியாழன் பின்னேரம்.
வெள்ளவத்தைச் சந்தையில் நான்
முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பைக்குள் கைபேசி துடித்தது,
துடித்துக்கொண்டே இருந்தது.

“அக்கா, நீங்க எவ்வளவு போராடியிருப்பீங்க”
என்றது முதல் குரல்.
“ஆறு ஆம்பிளையளுக்கு நடுவில ஒற்றை மனுசி”
என்றது அடுத்தது.
மூன்றாவதை எடுக்கவில்லை.
மிச்சக் காசை மரக்கறிக்காரி
இரண்டு தரம் எண்ணித் தந்தாள்.

றொஷாந்தியின் படத்துக்கு
ஒளிப்பதிவு உண்டு, ஒலி உண்டு, தொகுப்பு உண்டு,
சிறந்த படம் ஐந்திலும் அது உண்டு.
இயக்கம் இல்லை.
மதில் வெடிப்பில் அரசங்கன்று முளைக்குமே,
யாரும் நடாமல், யாரும் ஊற்றாமல்,
அப்படி முளைத்த படமாக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி.
ஒருத்தி தண்ணீர் வாளியோடு நாலு மாடி ஏறுகிறாள்.
வெட்டே இல்லை.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் கை மாற்றுவாள்.
இருட்டுக்குள் நானும்
மடியிலிருந்த பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.
இதை நடுவர் அறிக்கையில் எழுதவில்லை.

யார் செய்த வேலை என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
தலைவரின் பழைய பேட்டியொன்றைக்
கிண்டி எடுத்துப் போட்டிருக்கிறார்கள்:
பெண்களுக்கு உணர்ச்சி வரும், கட்டுப்பாடு வராது என்று
பத்து வருடத்துக்கு முன் சொன்னாராம்.
சொல்லியிருப்பார். சொல்லக்கூடியவர்தான்.
ஆனால் அவளுக்கு அவர் ஒன்பது போட்டார்.
பக்கத்துக் கதிரை எனது. பார்த்தேன்.

ஹோர்ட்டன் பிளேஸ், மேல்மாடி அறை.
ஏசி யாருக்காகவோ பதினெட்டில்.
ஆடை கட்டிக் கிடந்தது பால்தேத்தண்ணி.
நானும் ஒன்பதுதான் எழுதினேன்,
பென்சிலால், அழுத்தாமல்.
அப்போது வீரக்கோன், நல்ல மனிதர்,
என் மகளின் கலியாணத்துக்கு வந்தவர்,
சிங்களத்தில் சொன்னார்:
“மேடத்தின் வாக்கு எங்கே போகும் என்று
பார்க்கவும் வேண்டுமா?”
மூன்று பேர் சிரித்தார்கள். நானும்
நாலாவதாகச் சிரித்தேன்.

மேசையில் யாருடையதோ அழிறப்பர்.
எட்டரை.

நடுநிலையானவள் என்ற பெயருக்கு
அரைப்புள்ளி பெரிய விலையில்லை என்று நினைத்தேன்.
ஆணுக்கு ஆண் போட்டான் என்பார்களோ என்று
அந்த மேசையில் வேறெவரும்
றப்பரைத் தேடவில்லை என்பதை
வீட்டுக்கு வந்து
முகம் கழுவும்போதுதான் நினைத்தேன்.

செயலாளர் கூட்டி வாசித்தார்.
ஐந்தாமவருக்கும் ஆறாமவளுக்கும் இடையில்
கால் புள்ளி.

தமிழ்ப் பட்டியலைத் தட்டச்சு செய்ததும் நான்தான்,
அந்த அறையில் வேறு தமிழாள் இல்லை.
‘நடிகர்’ ஒரு வரிசை, ‘நடிகை’ ஒரு வரிசை.
அங்கே ஐந்து பெண்களைப் போட்டுத்தானாக வேண்டும்,
இலக்கணமே இடம் பிடித்து வைத்திருக்கிறது.
‘இயக்குநர்’ என்று அடித்தேன்.
மரியாதையான சொல். ‘ர்’ என்று முடியும்.
ஆணையும் சொல்லாது, பெண்ணையும் சொல்லாது.
கீழே ஐந்து பெயரையும் அடித்து முடித்தபோது
சொல்லிவிட்டது.

இரவு ஒன்பதரைக்கு றொஷாந்தியே எடுத்தாள்.
அழுதிருப்பாள் என்று நினைத்தேன், இல்லை,
எதையோ பொரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்டது.
“அக்கா, மனசைக் குழப்பாதேங்கோ.
நீங்க உள்ளுக்கு இருந்தனீங்கள், எனக்கு அது போதும்.”

அந்த நேரம் கோச்சி வந்தது.
எங்கள் வீட்டில் கோச்சி வந்தால்
பேச்சை நிறுத்திவிட வேண்டும்,
ஜன்னல் கண்ணாடியெல்லாம் பேசும்.
அவளுக்கும் அது தெரியும். காத்திருந்தாள்.
பாணந்துறைப் பக்கம் கடைசிப் பெட்டியும் போய்,
கடல் தன் சத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

“ம்ம், சொல்லுங்கோ அக்கா.”

என் கையில் இன்னும் அந்தப் பென்சில் இருப்பதுபோல
விரல்கள் கூடியிருந்தன.
சாப்பிட்டீரோ என்று கேட்டேன்;